மரபிழையின் மாற்றுக் கோலங்களைக் காட்டும் உலோகங்கள்

டி.என்.ஏ. என்னும் மூன்றெழுத்தை இன்று அறியாதார் அரியர். மகவின் தந்தை இன்னார் என்று துணிய நீதிமன்றம் அதனை நாடுகிறது. நோயின் வேரைத் தேட மருத்துவர் அதனை நாடுகின்றனர். அதன் படத்தையும் நம்மிற் பலர் பாடநூல்களிற் கண்டிருக்கிறோம். இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி ஏறும் முறுக்கிய நூலேணி அது. 1953-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் அவ்வடிவத்தை உலகுக்கு அறிவித்தனர். இலண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் அதற்குப் பெருஞ் சான்றாக அமைந்தன. ஆயினும் அந்த ஏணி எந்நேரமும் எவ்விடத்தும் ஒரே கோலத்தில் நிற்பதில்லை என்னும் செய்தி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. ஏணி சில இடங்களில் எதிர்ப்புறமாக முறுக்கிக்கொள்கிறது. சில இடங்களில் சிலுவைபோலக் கிளைக்கிறது. சில இடங்களில் நான்கு சரங்களாகக் கூடி நிற்கிறது. அவ்விடங்களை விஞ்ஞானிகள் எங்ஙனம் கண்டறிகின்றனர் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அளவைச் சிறிது நினைவிற் கொள்வோம். மனித உயிரணு ஒன்றனுள் இருக்கும் இழைகளை எல்லாம் நீட்டி இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அதன் குறுக்களவோ மிக நுண்ணியது. அத்தகைய இழைகள் 50 இலட்சத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கினாலும் ஒரு சென்டிமீட்டர் அகலமே தேறும். ஏணியின் படிகள் ஒவ்வொன்றும் இரண்டு காரங்களால் ஆனவை. அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் சேரும். இருபுறத்துக் கைமரங்கள் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறித் தொடுத்தவை. ஏறத்தாழப் பத்துப் படிக்கு ஒரு முழுச் சுற்று. வழக்கமான இவ்வடிவத்துக்கு ‘பி’ வடிவம் என்று பெயர். ஈரம் குறைந்தால் இழை சற்றே தடித்துக் குறுகி ‘ஏ’ வடிவம் ஆவதைப் பிராங்க்ளின் அன்றே கண்டிருந்தார். ஆகவே ஒரே வடிவம் என்ற எண்ணம் தொடக்கத்திலிருந்தே முழு உண்மை அன்று.

இவ்விரண்டும் ஒரே பக்கமாக முறுக்கியவை. அந்தப் பக்கத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எண்ணியபோது மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஓர் இடர்ப்பாடு எதிர்ப்பட்டது. வலம்புரி என்னும் அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கோயில்களிற் போற்றப்படும் அரிய வலம்புரிச் சங்கை உயிரியலார் இடப்பக்கச் சுருள் உடையது என்றே வகுத்துள்ளனர். சங்கின் நீர்வழி முனையை மேலே பிடித்துப் பார்ப்பது நம் மரபு. கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பது அவர்கள் மரபு. எனவே வலம்புரி என்று எழுதினால் பொருள் நேர்மாறாகப் போய்விடும். தச்சர் பயன்படுத்தும் சாதாரண திருகாணியை நினைத்துக்கொள்வதே நலம். அதன் மரை எப்பக்கம் ஏறுகிறதோ அப்பக்கமே ‘பி’ வடிவமும் ஏறுகிறது. இதனை வலக்கைத் திருகு என்போம். கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம் இடக்கைத் திருகு.

1972-ஆம் ஆண்டில் போல், ஜோவின் என்னும் இருவர் குவானைனும் சைட்டோசினும் மாறி மாறி வரும் செயற்கை இழையைக் கடுமையான உப்புக் கரைசலில் இட்டனர். வட்டமுனைவுற்ற ஒளியை அது உறிஞ்சும் விதம் தலைகீழாயிற்று. இழையின் திருகே மாறியிருக்கலாம் என்பது அதன் குறிப்பு. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த வி. சசிசேகரனும் உடனுழைத்தோரும் 1970-களில் வலக்கை, இடக்கைத் திருகுகள் ஒரே இழையில் அடுத்தடுத்து அமைய இயலும் என்று வடிவக் கணக்குகளின் வழியே வாதிட்டதும் இங்கு நினைக்கத் தக்கது. 1979-இல் ஆண்ட்ரூ வாங், அலெக்சாண்டர் ரிச் முதலியோர் ஆறு படிகள் மட்டும் கொண்ட சிறு துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது இடக்கைத் திருகு ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. பாஸ்பேட்டுக் கைமரம் வளைந்து வளைந்து கோணலாகச் சென்றமையால் அதற்கு ‘இசட்’ வடிவம் எனப் பெயரிட்டனர். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு படிகள்.

படிகத்தில் இருப்பது ஒன்று. உயிரினுள் இருப்பது வேறு. உப்புக் கரைசலிலும் படிகத்திலும் கண்ட கோலம் உயிரணுவில் உண்மையாகவே தோன்றுகிறதா, அன்றி ஆய்வுச் சாலையின் விளையாட்டா? இவ்வினா பல்லாண்டுகள் அறிஞரை இரு பிரிவாக்கிற்று. மெய்யாயின், இழையின் எழுத்துகளோடு அதன் வடிவமும் ஒரு செய்தியைத் தாங்குகிறது என்றாகும். பொய்யாயின், பலருடைய உழைப்பு வீண். எனவே இழையைப் படிகமாக்காமல், நீரிற் கரைந்த நிலையிலேயே, இயன்றால் உயிரணுவின் உள்ளேயே வைத்து, ‘இவ்விடம் மாறுபட்டது’ என்று சுட்டிக்காட்டும் ஒரு சிறு பொருள் தேவையாயிற்று. அப்பணிக்கு உலோக அணைவுச் சேர்மங்கள் பொருத்தமாக வாய்த்தன.

அணைவுச் சேர்மம் என்பது நடுவில் ஓர் உலோக அணுவும், அதனைச் சூழ்ந்து பற்றி நிற்கும் மூலக்கூறுகளும் கொண்டது. பற்றி நிற்பவற்றை ஈனி என்பர். இவற்றின் அமைப்பை 1893-இல் முதன்முதலில் தெளிவுறுத்தியவர் சூரிக் நகரத்து ஆல்பிரட் வெர்னர். 1913-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவர். நடு அணுவைச் சுற்றி ஆறு இடங்களோ நான்கு இடங்களோ குறிப்பிட்ட திசைகளில் அமைகின்றன என்றார் அவர். கரிமச் சேர்மங்கள் வளைந்து நெளியும். அணைவுச் சேர்மமோ செதுக்கிய சிற்பம்போல் உருக்குலையாது நிற்கும். மேலும் உலோகம் நேர்மின்னேற்றம் உடையது. மரபிழையின் கைமரம் எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலால் ஒன்றையொன்று நாடும். இன்னொரு வசதியும் உண்டு. சில உலோகச் சேர்மங்கள் ஒளிர்கின்றன. சில, ஒளி பட்டாலோ ஆக்சிஜன் கிட்டினாலோ தாம் அமர்ந்த இடத்தில் இழையை அறுத்துவிடுகின்றன. அறுந்த துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டு நீளத்தை அளந்தால், எந்த எழுத்தருகே சேர்மம் அமர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

உலோகச் சேர்மமும் மரபிழையும் நெருங்கிய உறவுடையவை என்பதை உலகுக்கு உணர்த்தியது ஒரு தற்செயல் நிகழ்ச்சி. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பார் மின்புலத்தில் நுண்ணுயிர்கள் எங்ஙனம் வளர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவை பிளவுபடாமல் நீண்டு நீண்டு நூல்போலாயின. காரணம் மின்சாரம் அன்று. மின்முனையின் பிளாட்டினம் கரைந்து உண்டாக்கிய சேர்மமே. 1844-இலேயே பெய்ரோன் என்பார் ஆக்கிவைத்த பழம்பொருள் அது. சிஸ்பிளாட்டின் என இன்று வழங்குவது. 1969-இல் எலிகளின் கட்டிகளை அது கரைத்தது தெரியவந்தது. 1978-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. சிறுநீரகத்துக்கும் செவிக்கும் அதனால் தீங்கு உண்டு. எனினும் விதைப்பைப் புற்றுநோய் பலருக்குத் தீரும் நோயாயிற்று. அது அடுத்தடுத்த இரு குவானைன்களைப் பற்றிக்கொண்டு இழையை வளைத்துவிடுகிறது. 1995-இல் ஸ்டீபன் லிப்பர்டு குழுவினர் அவ்வளைவைப் படிகத்திலேயே கண்டனர். ஆனால் சிஸ்பிளாட்டின் வடிவத்தை ஆக்குகிறதே அன்றி, உள்ள வடிவத்தைத் தேடிச் செல்வதில்லை. நமக்கு வேண்டியது தேடிச் செல்வது.

1979-இல் கலிபோர்னியாவில் டேவிட் சிக்மன், செம்பும் பினாந்த்ரோலினும் சேர்ந்த சேர்மம் ஆக்சிஜன் முன்னிலையில் மரபிழையை அறுப்பதைக் கண்டார். அது ‘பி’ வடிவத்தை விரைந்து அறுக்கும். ‘ஏ’ வடிவத்தை மெல்ல அறுக்கும். ‘இசட்’ வடிவத்தை ஏறத்தாழத் தீண்டுவதே இல்லை. வடிவத்துக்கு ஏற்ப வேலை செய்யும் கத்தி கிடைத்துவிட்டது. எனினும் அறுக்காமல் விடுவதை வைத்து ஒன்றை மெய்ப்பிப்பது அரிது. இடக்கைத் திருகை விரும்பித் தேடும் பொருள் வேண்டும்.

இங்கேதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்நாளிற் பணியாற்றிய ஜாக்குலின் பார்ட்டன் எளியதும் கூரியதுமான ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். நம் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறியை நினைத்துக்கொள்க. அதன் மூன்று இலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்துள்ளன. எதிர்ப்பக்கம் சாய்த்தும் ஒரு விசிறி செய்யலாம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. இடக்கையும் வலக்கையும் போன்றவை. ருத்தீனியம் அல்லது கோபால்ட்டு அணுவை மூன்று தட்டையான ஈனிகள் பற்றும்போது கிடைப்பது இத்தகைய விசிறியே. இடம், வலம் என இரு வகையும் கலந்தே உண்டாகும், வேதியியலார் பிரித்தெடுப்பர். இவ்வாறு பிரிப்பதும் 1911-இலேயே வெர்னர் செய்துகாட்டிய வித்தை. வலக்கை விசிறி, வலக்கைத் திருகுடைய இழையின் பள்ளத்தில் இசைந்து அமர்கிறது. இடக்கை விசிறியின் இலைகளில் பருத்த வளையங்களைச் சேர்த்துவிட்டால் அது ‘பி’ வடிவத்தில் அமர முடியாமல் முட்டிக்கொள்கிறது. அகன்று மேடான ‘இசட்’ வடிவத்திலோ அதற்குத் தடையில்லை. 1984-இல் ருத்தீனியத்தைக் கொண்டு பார்ட்டன் குழுவினர் இதனைக் காட்டினர். மறு ஆண்டே கோபால்ட்டுச் சேர்மத்தை, 4,361 படிகள் கொண்ட வட்டமான ஒரு நுண்ணுயிர் இழையோடு கலந்து ஒளியூட்டினர். இடக்கை விசிறி எல்லா இடத்திலும் அறுக்கவில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே அறுத்தது. மரபணுக்களின் உள்ளே அன்றி அவற்றின் எல்லைகளுக்கு அருகே அவ்விடங்கள் அமைந்திருந்தது வியப்புக்குரியது.

அந்த விசிறிகள் இழையில் எவ்வாறு அமர்கின்றன என்பது பற்றி நெடுநாள் வழக்கு நடந்தது. தட்டையான இலை இரு படிகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது என்றனர் ஒரு சாரார். பள்ளத்தில் ஒட்டி நிற்கிறது என்றனர் மற்றொரு சாரார். படிகளுக்கு நடுவே நுழைவதற்கு இடைச்செருகல் என்பதே பொருத்தமான தமிழ். ஏட்டுச் சுவடிகளில் பிற்காலத்தார் புகுத்திய பாடல்களையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். இங்கு அது பழிச்சொல் அன்று. இடைச்செருகலுக்கென்றே நீண்ட தட்டையான ஈனியைப் பூட்டிய ருத்தீனியச் சேர்மம் ஒன்றைப் பார்ட்டனும் பிறரும் 1990-இல் வெளியிட்டனர். நீரில் அது ஒளிராது, நீர் மூலக்கூறுகள் அதன் நைட்ரஜன்களைத் தொட்டு ஒளியை அவித்துவிடுவதால். இழையினுள் நுழைந்து நீரிலிருந்து மறைந்ததும் பளிச்சென்று ஒளிரும். மூலக்கூறு விளக்கின் பொத்தான் என்றே அதனை அழைத்தனர். 2012-இல் படிகப் படங்கள் வெளிவந்த பின்னரே அது நுழைந்து நிற்கும் கோலம் கண்கூடாயிற்று.

ஒரு கடினமான வினாவை இவ்விடத்தில் எழுப்பாமற் செல்வது முறையாகாது. சுட்டிக்காட்ட வந்த சேர்மமே அந்த வடிவத்தை உண்டாக்கிவிட்டால்? இஃது வெற்று ஐயம் அன்று. ஆறு அம்மோனியாக்கள் சூழ்ந்த கோபால்ட்டுச் சேர்மம், மிகச் சிறிய அளவிலேயே, ‘பி’ இழையை ‘இசட்’ இழையாக மாற்றவல்லது என்று 1981-இல் பீஹியும் பெல்சன்பெல்டும் காட்டினர். எதிர்ப்பொருள் முறையிலும் இதே இடர் தோன்றிற்று. ‘இசட்’ வடிவத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு பழ ஈயின் பெருநிறமிழைகளில் அவ்வடிவத்தைக் கண்டதாக 1981-இல் அறிவிப்பு வந்தது. இரண்டாண்டு கழித்து, மாதிரியைப் பதப்படுத்த ஊற்றிய அமிலமே அதற்குப் பெரிதும் காரணம் என்று ஹில், ஸ்டாலர் இருவரும் நிறுவினர். காட்சியைக் காட்டும் விளக்கே காட்சியைப் படைத்துவிட்டது போலாயிற்று.

இதனால் இத்துறையார் கற்றுக்கொண்ட வழக்கங்களை மெச்ச வேண்டும். சேர்மத்தை மிகக் குறைந்த அளவிலும் குறைந்த நேரத்துக்கும் மட்டுமே இடுகின்றனர். முறுக்கு நிறைந்த வட்ட இழையையும், அறுத்து முறுக்கைத் தளர்த்திய அதே இழையையும் ஒப்பிடுகின்றனர். கயிறு திரிப்போருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரு முனையும் கட்டுண்ட கயிற்றை எதிர்ப்பக்கம் முறுக்கினால் இழுவை எங்கேனும் வெளிப்பட்டாக வேண்டும். மரபிழையில் அவ்விழுவை ஒரு பகுதியைப் புரட்டி ‘இசட்’ ஆக்கியோ, சிலுவையாக்கியோ தணிகிறது. முறுக்கைத் தளர்த்தியதும் அடையாளம் மறைந்தால், அது சேர்மத்தின் படைப்பு அன்று என்று துணியலாம். உயிரணுவில் மரபணு படியெடுக்கப்படும்போது, படியெடுக்கும் எந்திரத்தின் பின்னே இத்தகைய எதிர்முறுக்கு இயல்பாகவே தோன்றுகிறது என்று 1987-இல் லியூ, வாங் இருவரும் விளக்கினர். ‘இசட்’ வடிவத்தை மட்டுமே தேடிப் பற்றும் புரதங்கள் உயிரிகளில் உள்ளமையும் பின்னர்த் தெரிந்தது. அவற்றுள் ஒன்று அவ்விழையைப் பற்றி நிற்கும் படிகப் படம் 1999-இல் வந்தபின் பழைய ஐயம் பெரிதும் அடங்கிற்று.

சிலுவை வடிவத்தைப் பற்றி இரண்டொரு சொல். விகடகவி என்னும் சொல்லை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. மரபிழையிலும் இத்தகைய மாலைமாற்றுத் தொடர்கள் உண்டு. ஆனால் இங்கே திருப்பிப் படிக்கவேண்டியது எதிர் இழையை. அத்தொடர் தன்னோடு தானே இணைந்து இருபுறமும் கிளையாகப் பிதுங்கினால் சிலுவை. கிளையின் நுனியில் இணையற்ற காரங்கள் வெளிப்பட்டு நிற்கும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு பிரிடினோடு சேர்ந்து அவ்வாறு வெளிப்பட்ட தைமின்களைத் தேடிப் பிடிக்கும். செக் நாட்டுப் பிர்னோ நகரில் எமில் பாலெச்செக் 1980-களில் இம்முறையை வளர்த்தார். அவரும் பிறரும் அதனை உயிருள்ள நுண்ணுயிரின் உள்ளேயும் கையாண்டனர். மூன்று இழைகள் கூடும் முச்சந்தியும் உண்டு. பர்மிங்காமில் மைக்கேல் ஹானன் குழுவினர் ஆக்கிய, இரண்டு இரும்பணுக்களைச் சுற்றி மூன்று ஈனிகள் முறுக்கிய உருளை ஒன்று, அம்முச்சந்தியின் நட்டநடுவே அச்சாணிபோற் பொருந்தி நிற்பதை 2006-ஆம் ஆண்டுப் படிகப் படம் காட்டிற்று.

நாற்சர வடிவத்தின் கதை இவற்றிலும் பழையது. குவானைன் மிகுந்த கரைசல் கூழாக உறைவதை 1910-இலேயே பாங் என்பார் குறித்துவைத்தார். 1962-இல் கெல்லர்ட்டும் உடனுழைத்தோரும் காரணம் கூறினர்: நான்கு குவானைன்கள் கைகோத்துச் சதுரமாகின்றன, சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நடுவே பொட்டாசியம் அயனி அமர்ந்து அடுக்கைத் தாங்குகிறது. நம் நிறமிழைகளின் நுனிகளில் குவானைன் மிகுந்த ஆறெழுத்துத் தொடர் ஒன்று ஆயிரக்கணக்கான படிகளுக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. உயிரணு பிளவுபடுந்தோறும் அந்நுனி தேய்கிறது. பெரும்பாலான புற்றணுக்கள் தேய்ந்த நுனியை டெலோமரேஸ் என்னும் நொதியால் வளர்த்துக்கொண்டு சாவைத் தள்ளிப்போடுகின்றன. நுனி நாற்சரமாக மடிந்துவிட்டால் அந்நொதியால் அதனை நீட்ட இயலாது என்று 1991-இல் காட்டப்பட்டது. உடனே வேதியியலார் சதுரத்தின்மேல் படியும் தட்டையான சேர்மங்களைத் தேடினர். நிக்கல், பிளாட்டினம் ஆகியவை தம்மைச் சுற்றி நான்கு மூலைகளை மட்டுமே ஏற்றுத் தட்டையாக நிற்பவை. சதுரத்தின்மேல் சதுரம் மூடிபோலப் படிந்துவிடும். 2006-இல் இலண்டன் ஆய்வாளர் ஆக்கிய நிக்கல் சேர்மம் இத்தகையது. 2009-இல் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தார் கண்ட இரட்டை ருத்தீனியச் சேர்மமோ நாற்சரத்தில் ஒரு நிறமும் சாதாரண இழையில் சற்றே வேறு நிறமும் காட்டி உயிரணுவினுள் ஒளிர்ந்தது. 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் எதிர்ப்பொருள் கொண்டு மனித உயிரணுக்களில் நாற்சரங்களைப் படம்பிடித்தனர். வெவ்வேறு முறைகள் ஒரே திசையைச் சுட்டும்போதுதான் நம்பிக்கை வலுக்கிறது.

இறுதியாக, வடிவம் என்று சொல்லத்தகாத ஒரு சிறு கோணல் உண்டு. மருத்துவ நோக்கில் அதுவே முதன்மையானது என்பது நம் கருத்து. இழை படியெடுக்கப்படுகையில் எப்போதேனும் தவறான காரம் எதிரே அமர்ந்துவிடும். உயிரணுவில் மெய்ப்புத் திருத்துவோர் உண்டு. அவர்கள் பணி முடிந்தபின் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னும் அளவினது. எந்த அச்சகத்திலும் காணக் கிடைக்காத திருத்தம் இது! மெய்ப்புத் திருத்தும் புரதங்கள் கெட்டுப்போன குடும்பங்களில் பெருங்குடற் புற்றுநோய் வழிவழியாக வருகிறது. பிழையான படி வலுவற்றது. ஏணியின் ஆட்டங்கண்ட படிபோன்றது. கலிபோர்னியாவுக்கு இடம் மாறியிருந்த பார்ட்டன், ரோடியம் அணுவில் வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சி அகன்ற ஈனியைப் பூட்டினார். நல்ல படிகளுக்கு நடுவே அது நுழையாது. ஆட்டங்கண்ட இடத்தில் மட்டும் நுழையும். 2,725 படிகள் கொண்ட இழையில் ஒரேயொரு பிழையை வைத்து 1999-இல் சோதித்தபோது, ஒளி பட்டதும் சரியாக அவ்விடத்திலேயே அறுத்தது. 2007-இல் வந்த படிகப் படம் எதிர்பாராத ஒன்றைக் காட்டிற்று. சேர்மம் படிகளை விலக்கி நடுவே நுழையவில்லை; சிறு பள்ளத்தின் வழியே புகுந்து, பிழையான இரு காரங்களையும் வெளியே தள்ளிவிட்டு, அவற்றின் இடத்தில் தானே அமர்ந்துகொண்டது.

மெய்ப்புத் திருத்தம் கெட்ட உயிரணுக்களின் பெருக்கத்தை இவ்வகைச் சேர்மங்கள், கெடாதவற்றைவிட மிகுதியாகத் தடுக்கின்றன என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. எல்லாம் ஒரே வகையாக வேலை செய்யவில்லை. கொழுப்பில் மிகுதியாகக் கரையும் சேர்மங்கள் உயிரணுவினுள் எளிதிற் புகுந்தாலும், மரபிழை உறையும் உட்கருவை அடையாமல் மைட்டோகாண்டிரியாவில் தங்கிவிடுகின்றன. அவை இரு வகை உயிரணுக்களையும் வேறுபாடின்றித் தாக்கின. உட்கருவை அடைந்தவை மட்டுமே பிழை மிகுந்த உயிரணுவைத் தேர்ந்து தாக்கின. ஆகவே இவ்வாய்வாளர்கள் இழையோடு நன்கு பொருந்தும் சேர்மத்தோடு நின்றுவிடாமல், உட்கரு வரையில் அதனைக் கொண்டுசேர்க்கும் ஈனியையும் தேட வேண்டியவர் ஆயினர்.